ஏணி நம் வாசலில் இருக்கிறது. பிள்ளைகள் தவறுவது எந்தப் படியில்? – சுங்கை பட்டாணி வட்டாரக் கல்வி நிலை

சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங், செமிலிங் பக்கம் பயணம் செய்வோர் ஜெராய் மலையைப் பார்த்தபடியே போவார்கள். அந்த வழியில்தான் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. சுமார் 230 ஏக்கர் நிலத்தில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பொறியியல், வணிகம் என்று பல துறைகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. எம்.ஐ.இ.டி. எனும் கல்வி அறக்கட்டளையின் முயற்சியில், 2001ஆம் ஆண்டு மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. இந்திய சமுதாயம் தன் பெயரைச் சொல்லி எழுப்பிய உயர்கல்விக் கூடம் நாட்டில் வேறு எங்கோ இல்லை. பால்மரத் தோட்டங்கள் சூழ்ந்திருந்த நம் கோல மூடா மாவட்டத்திலேயே இருக்கிறது.

அதே சாலையில் காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்துகளும் ஓடுகின்றன. அவற்றில் பதினெட்டு, பத்தொன்பது வயது நிரம்பிய நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டித்தான் அந்தப் பேருந்தும் போகிறது.

இது யாரையும் குறை சொல்ல எழுதப்படும் கட்டுரை அல்ல. தொழிற்சாலை வேலை கேவலமும் அல்ல. ஆனால், பாலர் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை எல்லாப் படிகளும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கிற ஒரு வட்டாரத்தில், நம் பிள்ளைகளில் பலர் பாதி ஏணியிலேயே இறங்கிவிடுவது ஏன் என்ற கேள்வியைப் பெற்றோர் கேட்டுத்தான் ஆக வேண்டும். சற்றுக் கூர்ந்து பார்த்தால், பிள்ளைகள் பெரும்பாலும் படியின் மேல் நிற்கும்போது விழுவதில்லை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கால் வைக்கும்போதுதான் விழுகிறார்கள்.

பெயரில் தோட்டம், இருப்பது தாமான்

கெடா மாநிலத்தில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சிலாங்கூர், பேரா, ஜொகூர் மாநிலங்களைப் போலவே இங்கும் அவற்றில் பெரும்பாலானவை தோட்டத்தில் பிறந்தவை. பிரிட்டிஷார் காலத்தில் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. அப்படித்தான் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்திலும், கோயிலுக்குப் பக்கத்திலும் ஒற்றை ஆசிரியர் பள்ளிகள் முளைத்தன. சட்டம் கேட்டது பள்ளியைத்தான். பள்ளிக்கு மேல் என்ன என்பதை அது கேட்கவில்லை. பால்மரம் வெட்டப் படிப்பு போதும் என்பதே அன்றைய கணக்கு.

1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது கெடா தோட்ட மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, முதன்முதலாக வாங்கிய புக்கிட் சிடிம் தோட்டம் கெடாவில்தான் இருக்கிறது. அதன் பிறகு பால்மரம் செம்பனையானது. செம்பனைத் தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்ட மக்கள் சுங்கை பட்டாணியின் தாமான்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மக்கள் வந்துவிட்டார்கள், பள்ளிகள் எல்லாம் கூடவே வரவில்லை. சில பள்ளிகளின் உரிமம் பட்டணத்துக்கு மாற்றப்பட்டது. அதனால்தான் பெயரில் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்று இருக்கும் பள்ளி, நேரில் போய்ப் பார்த்தால் தாமானுக்கு நடுவே மாடிக் கட்டடத்தில் இயங்குவதைக் காண்கிறோம். நகரத்தின் தேவைக்காகத் தாமான் கெலாடியில் புதிய தமிழ்ப்பள்ளியும் கட்டப்பட்டது. ஆனால், இன்னும் உள்ளே இருக்கும் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது. 150 மாணவர்களுக்குக் குறைவாக இருந்தால் அது 'குறைந்த மாணவர் பள்ளி' என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. எண்ணிக்கை மிகவும் இறங்கிவிட்டால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் கூட்டு வகுப்பு முறை வந்துவிடுகிறது.

நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், ஒரு காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிய மொத்த மாணவர் எண்ணிக்கை இப்போது 80,000ஐ ஒட்டி நிற்கிறது. இந்தியக் குடும்பங்களில் பிறப்பு விகிதம் குறைந்தது இதற்கு முதல் காரணம். பெற்றோர் வேறு பள்ளிகளைத் தேர்வு செய்வது இன்னொரு காரணம். சிறிய பள்ளியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆசிரியர் ஒருவர் பதினைந்து பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைக்கும் வகுப்பில் பின்தங்கிய பிள்ளையைத் தூக்கிவிடுவது எளிது. அந்தப் பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு, ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் நாளில்தான் உண்மையான சோதனை தொடங்குகிறது.

முதல் பள்ளம்: ஆறாம் ஆண்டுக்கும் முதலாம் படிவத்துக்கும் இடையே

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் கணிதமும் அறிவியலும் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் அனைத்தையும் மலாய் மொழியில் படிக்க வேண்டும். மலாய் மொழியில் போதிய அடைவு இல்லாத பிள்ளைகளுக்குப் 'பெராலிஹான்' எனும் புகுமுக வகுப்பு ஓராண்டு நடத்தப்படுகிறது. இதைத் தண்டனையாகவும் அவமானமாகவும் கருதும் பெற்றோர் இருக்கிறார்கள். மொழி பிடிபடாமல் நேராக முதலாம் படிவத்தில் உட்கார்ந்து, ஐந்து ஆண்டுகளும் பின்வரிசையிலேயே கழிக்கும் பிள்ளையைவிட, ஓராண்டு கூடுதலாகப் படித்து நிமிர்ந்து நிற்கும் பிள்ளை எவ்வளவோ மேல்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. 2022இல் பி.தி.3 தேர்வும் போய்விட்டது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் குறைந்தது நல்லதே. ஆனால், நம் வீடுகளில் பலவற்றில் தேர்வு என்றால்தான் அக்கறை பிறக்கும். இப்போது பள்ளி அளவிலான மதிப்பீட்டு அறிக்கை மட்டுமே வருகிறது. அதில் அடைவு நிலை 1 முதல் 6 வரை எண்களாக இருக்கும். அந்த அறிக்கையில் கையெழுத்திடும் அப்பா, மலாய் மொழிக்கு நேராக 2 என்று இருப்பதைப் பார்த்தும் பேசாமல் விட்டால், பிள்ளை தடுமாறுவது எஸ்.பி.எம். தேர்வு வரை யாருக்கும் தெரியாது. முன்பு பன்னிரண்டு வயதிலும் பதினைந்து வயதிலும் அடித்த எச்சரிக்கை மணி, இப்போது பதினேழு வயதில்தான் அடிக்கிறது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மலாய் மொழியில் வலுப்பெறுவது என்றால் தமிழை விடுவது என்று பொருளல்ல. இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் தருகிறது. கேட்பவர் இல்லாததால் தமிழ் வகுப்பே நடக்காத பள்ளிகளும் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்காத பிள்ளைக்குத் தமிழாசிரியர் ஆகும் வழி அடைபடுகிறது. நாளை தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமென்றால், இன்று முதலாம் படிவத்தில் பதினைந்து பெற்றோர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும்.

இரண்டாம் பள்ளம்: நான்காம் படிவத்தில் எடுக்கும் பாடங்கள்

இந்த இடத்தில்தான் அதிகமான கதவுகள் சத்தமில்லாமல் மூடப்படுகின்றன.

2020 முதல் நான்காம் படிவத்தில் 'அறிவியல் பிரிவு', 'கலைப் பிரிவு' என்ற பெயர்கள் இல்லை. பிள்ளைகள் பாடத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தத் தொகுப்பு கிடைக்கும் என்பது அந்தப் பள்ளியில் இருக்கும் ஆசிரியர்களையும் ஆய்வுக்கூடத்தையும் பொறுத்தது. நண்பன் எடுத்ததையே தானும் எடுப்பது, எளிது என்று சொல்லப்படுவதை எடுப்பது என்று பதினாறு வயதுப் பிள்ளை தானாகவே முடிவு செய்துவிடுகிறது.

மருத்துவம் படிக்க எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு மற்றுமொரு பாடம் என்று ஐந்திலும் குறைந்தது 'பி' எடுத்திருக்க வேண்டும் என்பது நாட்டின் பொது விதி. ஆகவே, நான்காம் படிவத்தில் வேதியியலை விட்டுவிட்ட பிள்ளை, எய்ம்ஸ்டுக்கு எதிரே வீடு இருந்தாலும் அங்கே மருத்துவ மாணவராக நுழைய முடியாது. பொறியியலுக்குக் கூடுதல் கணிதமும் இயற்பியலும் பெரும்பாலும் கேட்கப்படும். எல்லாப் பிள்ளைகளும் அறிவியல்தான் படிக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் இழப்பது வேறு. மூன்றாம் படிவத்தின் கடைசியில் பெற்றோர் ஒருமுறை பள்ளிக்குப் போய், வழிகாட்டல் ஆசிரியரைச் சந்தித்து, 'இந்தத் தொகுப்பை எடுத்தால் பின்னால் எந்தெந்தப் படிப்புக்குப் போகலாம், எதற்குப் போக முடியாது?' என்று கேட்பது அரை நாள் வேலை. அந்த அரை நாள் ஒரு பிள்ளையின் பத்து ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது.

மூன்றாம் பள்ளம்: இரண்டு பாடங்களால் கைநழுவும் சான்றிதழ்

எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியில் தேர்ச்சி கட்டாயம். 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி கட்டாயம். மற்ற ஏழு பாடங்களில் தேறினாலும் இந்த இரண்டில் ஒன்று தவறினால் சான்றிதழ் இல்லை.

இப்படி ஒரு பையனை எண்ணிப் பாருங்கள். கைவேலையில் கெட்டிக்காரன், மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவான், கணிதத்திலும் மோசமில்லை. வரலாற்றில் தோல்வி. 'நமக்குப் படிப்பு வராது' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த மாதமே பக்கார் அராங் தொழிற்பேட்டையில் வேலை. உண்மையில் அவன் தோற்றது ஒரு பாடத்தில்; விட்டது ஏணி முழுவதையும். மலாய் மொழி, வரலாறு பாடங்களை மட்டும் மறுதேர்வாக எழுத வாய்ப்பு இருப்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. வேலை செய்துகொண்டே எழுதலாம். தேறினால் முழுச் சான்றிதழ் கைக்கு வரும்.

ஐந்தாம் படிவம் வரை வராமலேயே நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு. 2003 முதல் தொடக்கக் கல்வி மட்டுமே சட்டப்படி கட்டாயமாக இருந்தது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால், சட்டம் பிள்ளையைப் பள்ளிக்குள் உட்கார வைக்கும். படிக்க வைப்பது வீடும் ஆசிரியரும்தான்.

நான்காம் பள்ளம்: எஸ்.பி.எம். முடிந்த பிறகு

இங்கேதான் நம் வட்டாரம் எவ்வளவு வசதியானது என்பது தெரிய வேண்டும்.

பல்கலைக்கழகம் போக விரும்புவோருக்கு இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று, மெட்ரிகுலேஷன். கெடா மெட்ரிகுலேஷன் கல்லூரி சங்லூனில் இருக்கிறது. பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி பக்கத்தில் கெப்பாலா பத்தாஸில் இருக்கிறது. பொதுவாக ஓராண்டுப் படிப்பு. இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் ஒதுக்கப்படுவதால் நம் பிள்ளைகளுக்குப் போட்டி கடுமை. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-வும் அதற்கு மேலும் பெறும் மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பழைய போட்டிதான்.

மற்றொன்று, ஆறாம் படிவம். மூன்று தவணைகள், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. எஸ்.டி.பி.எம். கஷ்டம் என்று பெயர் வாங்கியது உண்மை. ஆனால், செலவு மிகக் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. அறிவியல் எடுக்காத பிள்ளையும் கலைப் பாடங்களோடு படித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் கல்லூரியில் கடன் வாங்கிச் சேரும் முன், பக்கத்துப் பள்ளியில் ஆறாம் படிவம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. பல்கலைக்கழக இடத்துக்கான மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. சனிக்கிழமை பயிற்சிக்குப் போகாமல் வீட்டில் படுத்துக்கொள்ளும் பிள்ளை அந்த மதிப்பெண்ணைத்தான் இழக்கிறது.

1984இல் தொடங்கப்பட்ட வட மாநில மலேசியப் பல்கலைக்கழகமும் கெடாவில்தான், சிந்தோக்கில்தான் இருக்கிறது. மெர்போக்கில் உள்ள யு.ஐ.டி.எம். வளாகம் பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. ஆசிரியராக விரும்புவோருக்கு, சுங்கை பட்டாணியிலேயே சுல்தான் அப்துல் ஹாலிம் ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது.

புத்தகத்தைவிடக் கைத்தொழிலில் நாட்டமுள்ள பிள்ளைக்கும் வழி குறைவில்லை. சுங்கை பட்டாணியில் சமூகக் கல்லூரி உண்டு. கூலிமில் துவாங்கு சுல்தானா பஹியா பாலிடெக்னிக்கும் உயர் தொழில்நுட்பப் பயிற்சி மையமும் உண்டு. எஸ்.பி.எம். சரியாக வராதவர்களும் மலேசியத் திறன் சான்றிதழை முதல் நிலையில் தொடங்கலாம். மூன்று நிலை வரை திறன் சான்றிதழ், நான்காவதும் ஐந்தாவதும் டிப்ளோமா. படிப்படியாக மேலே போக முடியும்.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இன்டெல், இன்ஃபினியன் போன்ற பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆப்பரேட்டரும் வேண்டும், டெக்னீஷியனும் வேண்டும், பொறியியலாளரும் வேண்டும். மூவரும் ஒரே வாயிலில்தான் நுழைகிறார்கள். மாதக் கடைசியில் மூவரின் சம்பளமும் ஒன்றல்ல. எஸ்.பி.எம். முடித்த கையோடு வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஓவர்டைம் சேர்த்தால் இரண்டாயிரத்தைத் தாண்டலாம். லயத்து வீட்டை விட்டுக் குறைந்த விலை வீட்டுக்கு வந்து, மோட்டார் கடனும் வாடகையும் கட்டும் குடும்பத்துக்கு அது பெரிய தொகைதான். 'மூன்று வருஷம் படித்து என்ன ஆகப்போகிறது?' என்று அம்மா கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் 'படி, படி' என்ற உபதேசம் அல்ல. வருமானத்தோடு படிக்கும் வழியைக் காட்டுவதுதான்.

அப்படி ஒரு வழி இருக்கிறது. எஸ்.எல்.டி.என். எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சி முறையில், பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலும் மீதி பயிற்சி மையத்திலும் நடக்கும். பயிலும் காலத்திலேயே கையில் கொஞ்சம் பணம் வரும். முடிவில் திறன் சான்றிதழ் கிடைக்கும். நம் வீடுகளில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

பணமும் பத்திரமும்

எய்ம்ஸ்ட் சமுதாயப் பல்கலைக்கழகம்தான். ஆனால் தனியார் பல்கலைக்கழகம். மருத்துவப் படிப்பு என்றால் எந்தத் தனியார் பல்கலைக்கழகத்திலும் செலவு சில லட்சம் வெள்ளி. 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கல்விக் கடன் அரசாங்க, தனியார் கல்விக் கூடங்கள் இரண்டுக்கும் கிடைக்கும். எனினும் அத்தகைய படிப்பின் கட்டணம் முழுவதையும் அது ஈடுகட்டாது. முதல் வகுப்புப் பட்டம் பெறுவோருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு உண்டு. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் பதிவுக் கட்டணம் கட்டும் முன், அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. எனும் தகுதி ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குக் கல்விக் கடனும் கிடைக்காது. முடித்த பிறகு சான்றிதழுக்கு மதிப்பும் இருக்காது. 'இன்றே கட்டினால் கழிவு' என்று அவசரப்படுத்தும் முகவரிடம் 'நாளை வருகிறேன்' என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

மெட்ரிகுலேஷனுக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும் இணையம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எஸ்.பி.எம். முடிவு வரும் முன்னரே விண்ணப்பம் திறக்கப்படுவது வழக்கம். 'ரிசால்ட் வரட்டும், பார்க்கலாம்' என்று காத்திருக்கும் குடும்பம் பேருந்து போன பிறகு நிறுத்தத்துக்கு வந்த கதைதான். கடவுச்சொல்லை மறந்துவிடுவது, கைத்தொலைபேசி எண்ணை மாற்றிவிடுவது போன்ற சின்னக் காரணங்களாலும் இடம் பறிபோவதுண்டு. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றில் சிக்கல் இருந்தால் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே தேசியப் பதிவு இலாகாவில் முயற்சியைத் தொடங்குங்கள். பதினேழு வயதில் தொடங்கினால் காலம் போதாது.

பெற்றோர் நினைவில் வைக்க வேண்டியவை

முதலாம் ஆண்டிலிருந்தே மதிப்பீட்டு அறிக்கையில் தமிழ், மலாய், கணிதம் ஆகிய மூன்றின் அடைவு நிலையைப் பாருங்கள். குறைவாக இருந்தால் அந்த மாதமே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

முதலாம் படிவத்தில் தமிழ் வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மற்றப் பெற்றோரைச் சேர்த்து எழுத்து வழி கேளுங்கள்.

மூன்றாம் படிவத்தின் இறுதியில் பாடத் தொகுப்பைப் பிள்ளையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படிவத்தில் மலாய் மொழியையும் வரலாற்றையும் எளிதாக எண்ணிவிட வேண்டாம்.

எஸ்.பி.எம். எழுதிய கையோடு விண்ணப்பங்களைக் கவனியுங்கள். ஓர் இடத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

கோயில் நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பரிசளிப்பு விழாவில் 10 ஏ எடுத்த பிள்ளைக்கு மாலை போடுகிறோம், போட வேண்டியதுதான். அதே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் இரண்டு மடிக்கணினிகளை வைத்து, விவரம் தெரிந்த நான்கு இளைஞர்களை உட்கார வைத்து, வரும் பிள்ளைகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கலாம். மறுதேர்வு எழுத வேண்டியவர்களின் பெயரையும் எழுதி வைத்து, தேதி தவறாமல் நினைவூட்டலாம். மாலைக்கு ஆகும் செலவைவிட இது குறைவு.

சோழர் காலத்தில் கடாரம் என்று தமிழர் அழைத்த மண் இது. பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய சின்னங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பெருமைப்படுகிறோம். அதே பயணத்தில், திரும்பும் வழியில் ஒரு பல்கலைக்கழகத்தையும் ஒரு பாலிடெக்னிக்கையும் அவர்களுக்குக் காட்டுங்கள். உள்ளே போக என்னென்ன பாடம் வேண்டும் என்று அங்கேயே கேட்டு வாருங்கள். ஏணி நம் வாசலில்தான் இருக்கிறது. பிள்ளை அடுத்த படிக்குக் காலெடுத்து வைக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒரு கை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.